குறைந்த விலை மைக்கில் பாட்டியின் குரல்: ஒரு சாண் கணக்கு



பாட்டி பாடும் திருப்புகழ், அத்தை பாடும் தாலாட்டு... இதுல சில மெட்டு அவங்க தொண்டையில மட்டும்தான் இருக்கு. "நல்ல மைக் வாங்கின பிறகு ரெக்கார்ட் பண்ணலாம்"னு தள்ளிப் போடாதீங்க. சில நூறு ரூபாய் காலர் மைக்கே போதும். வேலை நம்ம கையிலதான் இருக்கு.

1. பிளக்: 3.5 மி.மீ. பிளக்கில் கறுப்பு வளையங்களை எண்ணுங்க. மூன்று இருந்தா பொதுவா போனுக்கானது. இரண்டு இருந்தா கேமராவுக்கானது. மாத்திச் செருகினா போன் தன் சொந்த மைக்கிலேயே பதிவு பண்ணிட்டு இருக்கலாம். பதிவை ஆரம்பிச்சு மைக்கை விரலால் லேசா தட்டுங்க. திரும்பக் கேட்கும்போது 'டப் டப்'னு பலமா கேட்டா சரி.

2. தூரம்: வாய்க்கும் மைக்குக்கும் இடையே தூரம் இரண்டு மடங்கானா, நேரா வரும் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். சுவரில் பட்டு வரும் எதிரொலியோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். பதிவு குகைக்குள்ள பாடின மாதிரி ஆகுறது இதனாலதான். ஒரு சாண் தூரம் வைங்க. காலர் மைக்கில் புடவையும் சங்கிலியும் உரசக் கூடாது. கையில் பிடிக்கும் மைக்கை வாய்க்கு நேரே வைக்காம கொஞ்சம் பக்கவாட்டில் பிடிங்க. 'ப' வரும்போது காற்று மோதாது.

3. அறை: ஃபேன் சத்தத்தை நம்ம மூளை ஒதுக்கிடும், மைக் ஒதுக்காது. ஃபேனை நிறுத்துங்க, ஃப்ரிட்ஜ் பக்கம் உட்காராதீங்க. டைல்ஸ் போட்ட காலி ஹாலை விட, மெத்தையும் திரைச்சீலையும் இருக்கும் படுக்கையறை நல்லது.

4. அளவு: பாட்டிலேயே உச்சமான வரியை முதல்ல பாடச் சொல்லுங்க. அப்போ மீட்டர் -12 முதல் -6 டெசிபலுக்குள் நிற்கணும். 0-வைத் தொட்டா ஒலி அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்டதை மென்பொருள் ஊகிக்கத்தான் முடியும், திரும்பக் கொண்டுவர முடியாது. சன்னமா பதிவானதைப் பிறகு கூட்டிக்கலாம். ஆப்பில் 'நாய்ஸ் சப்ரஷன்' இருந்தா அணைச்சிடுங்க. அது பேச்சுக்காகச் செய்தது. நீட்டிப் பிடிக்கும் சுரத்தை இரைச்சல்னு நினைச்சு அமுக்கிடும்.

5. அமைதி: பாட்டுக்கு முன்னாடி 10 விநாடி யாரும் பேசாம இருங்க. ஆடாசிட்டி என்கிற இலவச மென்பொருளில் அந்த அமைதியை மாதிரியா காட்டி இரைச்சலைக் குறைக்கலாம். அதிகமா குறைச்சா குரலும் உலோகம் மாதிரி ஆயிடும், கவனம்.

6. சேமிப்பு: முடிஞ்சா வாவ் கோப்பாகவே பதிவு பண்ணுங்க. வாட்ஸ்அப்பில் குரல் செய்தியா அனுப்பினா தரம் குறையும்; 'டாக்குமென்ட்'டா அனுப்புங்க. இன்னொரு பிரதி வேறொரு இடத்தில் இருக்கட்டும்.

பாடுறதுக்கு முன்னாடி பேர், ஊர், தேதி, யார்கிட்ட கத்துக்கிட்டாங்க என்பதையும் அவங்க வாயாலேயே சொல்ல வைங்க. ஒரு நாளைக்கு இரண்டு பாட்டு போதும், மூச்சு வாங்கினா நிறுத்திடுங்க. நடுவுல இருமல் வந்தாலும், "அடுத்த வரி என்னடா"ன்னு கேட்டாலும் வெட்டாதீங்க. பின்னாடி நாம தேடப்போறது அந்தக் குரலையும்தான்.