அந்தக் காலத்து இரும்பும் இந்தக் காலத்து ரவையும்

அன்புள்ள தம்பிக்கு,

வாத்துக்கும் வான்கோழிக்கும் சேர்த்து ஒரே செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் வாங்கப்போவதாகவும், ஆர்கன்சாவில் ஒரு கடைக்காரர் பெல்ஜியத்தில் செய்த பழைய பிரௌனிங் ஆட்டோ-5 ஒன்றைக் காட்டியதாகவும் எழுதியிருந்தாய். ‘அந்தக் காலத்து இரும்பு, எதையும் தாங்கும்’ என்று அவர் சொன்னாராம். அதை நீ அப்படியே நம்பியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தக் குழல் ஈய ரவைக்காகச் செய்தது. குழல்வாயில் உள்ள சோக் என்ற குறுகலில் ஈயம் நசுங்கி வெளியேறிவிடும். ஈயத்துக்குப் பதிலாக இன்று போடும் எஃகு ரவை நசுங்காது, குழல்தான் விரிந்துகொடுக்க வேண்டும். நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு 1991 முதல் அமெரிக்கா முழுவதும் தடை. சேற்றில் கிடந்த ரவையைப் பொடிக்கல் என்று விழுங்கி, நஞ்சேறி வாத்துகள் செத்ததால் வந்த சட்டம் அது. பெல்ஜியக் குழலில் எஃகு ரவை போடாதே என்று பிரௌனிங் நிறுவனமே சொல்கிறது. பிஸ்மத் ரவை போடலாம். ஆனால் விலை கையைக் கடிக்கும். ஜப்பானில் செய்து ‘இன்வெக்டர்’ என்று பொறித்த குழல் என்றால் கதை வேறு.

பிரௌனிங்கைத் தொட்டபின் ஒரு கதை சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. ஜான் பிரௌனிங் இந்தத் துப்பாக்கியை முதலில் வின்செஸ்டரிடம்தான் கொண்டுபோனார். விற்பனையில் பங்கு கேட்டார், மறுத்துவிட்டார்கள். அடுத்து ரெமிங்டன். அதன் தலைவரைப் பார்க்கப் பிரௌனிங் காத்திருந்த வேளையில் அவர் மாரடைப்பில் இறந்துபோனார். அதன்பின்தான் பிரௌனிங் பெல்ஜியத்துக்குக் கப்பலேறினார். விட்டதைப் பிடிக்க வின்செஸ்டர் 1911இல் சொந்தமாக ஒன்று செய்தது. இழுபிடியின் காப்புரிமை பிரௌனிங்கிடம் இருந்ததால், குழலையே பிடித்துப் பின்னுக்குத் தள்ளும்படி அமைத்தார்கள். தோட்டா சிக்கினால் அடிக்கட்டையைத் தரையில் ஊன்றி, குழல்வாயைத் தன் பக்கம் வைத்து அழுத்தியவர்கள் உண்டு. ‘விதவையாக்கி’ என்ற பெயர் அதற்குச் சும்மா வரவில்லை. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த 1911 மாடலைத் தொடாதே!

ஆட்டோ-5ஐப் பார்க்கும்போது மரத்தின் மெருகில் மயங்காதே. தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு முன்கட்டையைக் கழற்று. உள்ளே சுருள்வில், வெண்கல உராய்வுத் துண்டு, எஃகு வளையம் மூன்றும் இருக்கும். கனத்த தோட்டாவுக்கு வளையம் வில்லுக்கு முன்னே, சரிவுப் பக்கம் வெண்கலத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். லேசான தோட்டாவுக்கு வில்லுக்குப் பின்னே. இதை மாற்றிப் போடாமல் கனத்த தோட்டா சுட்டவர்களின் துப்பாக்கியில் குழல் ஒவ்வொரு முறையும் பின்னால் வந்து மோதியிருக்கும். முன்கட்டையின் உட்புறம் முடி போன்ற விரிசல் தெரிந்தால் முன்னால் வைத்திருந்தவரின் லட்சணம் புரிந்துவிடும்.

உன் இரட்டைத் தேவைக்கு முக்கியம் கழற்றி மாட்டும் சோக். வான்கோழிக்குத் தலையும் கழுத்தும்தான் குறி. ரவை நெருக்கமாகப் போக இறுக்கமான சோக் வேண்டும். வாத்துக்கு எஃகு போடும்போது தளர்த்தியாக வேண்டும். 3½ அங்குலத் தோட்டா மோகத்தை விட்டுவிடு. 3 அங்குலம் தாராளம். மிச்சமெல்லாம் உன் தோளுக்கு விழும் அடி.

1987இல் வந்த ரெமிங்டன் 11-87ஐத் தேடிப் பார். வாயு அழுத்தத்தில் இயங்குவது; உதை மெதுவாக வரும். வாயுத் துளைகளில் கரி அடைத்திருக்கிறதா, ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பார். வளையத்தைச் சில்லறைக் காசுக்கு மாற்றிவிடலாம். தோட்டாக் குழாயில் அடைப்புக் கட்டை இருக்கிறதா என்றும் கேள். வாத்து வேட்டையில் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது. 1935 முதல் அதுதான் விதி. பழைய சொந்தக்காரர் கட்டையை உருவியிருந்தால் அபராதம் உன் தலையில்தான் விழும்.

முன்கட்டையைக் கழற்றிக் காட்டத் தயங்கும் கடையில் எதையும் வாங்காதே.

அன்புடன்,
உன் வாத்தியார்