கலகத்தை அடக்கிய ராஜா

கேள்வி: ஓட்டுப்போட்டு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க முடியும்போது, அதிகாரமில்லாத மன்னர் ஒரு நாட்டுக்கு எதற்கு?

பதில்: 1981 பிப்ரவரி 23 அன்று ஸ்பெயின் நாடாளுமன்றத்துக்குள் கைத்துப்பாக்கியோடு புகுந்தார் லெப்டினன்ட் கர்னல் தெஹேரோ. கூரையில் குண்டுகள் பாய்ந்தன, எம்.பி.க்கள் இருக்கைக்கு அடியில் பதுங்கினார்கள். நள்ளிரவு தாண்டி மன்னர் ஹுவான் கார்லோஸ் ராணுவச் சீருடையில் டி.வி.யில் தோன்றி, அரசியல் சட்டத்தின் பக்கம் நின்றார். கலகம் பிசுபிசுத்துப் போனது. ஓட்டு வாங்கி வந்தவர் சொல்லியிருந்தால் தளபதிகள் கேட்டிருப்பார்களா? சந்தேகம்தான். இவர் சர்வாதிகாரி பிராங்கோவே கைகாட்டிய வாரிசு ஆயிற்றே!

அதே மன்னர் பின்னாளில் பண விவகாரங்களில் பெயர் கெட்டு, 2014-ல் மகனிடம் முடியைக் கொடுத்தார். 2020-ல் நாட்டைவிட்டே போனார். பதவியில் இருந்தவரை அவர்மேல் வழக்குப் போட வழியில்லை. ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் அயர்லாந்து ஜனாதிபதிக்கோ பதவிக்காலம் 7 வருஷம்தான்; மிஞ்சினால் இரண்டு தடவை. என் ஓட்டு அயர்லாந்துக்கே.