உப்புக் காற்றில் எந்த மரம் நிற்கும்?

தங்கச்சிமடத்திலோ உச்சிப்புளியிலோ புதிதாக வீடு கட்டியவர்கள், பால் காய்ச்சிய கையோடு நர்சரிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். சித்திரையில் உங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். தை மாதத்தில் எல்லார் கிணறும் இனிக்கத்தான் செய்யும். சித்திரையிலும் இனித்தால்தான் அது நல்ல கிணறு. எந்தச் செடி என்பதை அந்தத் தண்ணீரே முடிவு செய்துவிடும்.

ராமேசுவரம் தீவில் நல்ல தண்ணீர் என்பது மணலுக்குள் இறங்கிய மழைதான். கனமான உப்புநீரின் மேல் அது மெல்லிய படலமாக நிற்கிறது. தனுஷ்கோடியில் கடலுக்குச் சற்றுத் தள்ளி மணலைத் தோண்டிச் சனங்கள் குடிதண்ணீர் அள்ளுவதும் இதனால்தான். ஆகவே ஆழ்துளைக் கிணறா உறைகிணறா என்றால், என் ஓட்டு உறைகிணற்றுக்கு. ஆழமாகப் போட்டு மோட்டாரை ஓடவிட்டால் அடியில் உள்ள உப்பு மேலே ஏறிவிடும். பக்கத்து வீட்டுக் கிணறும் கெடும். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை; பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் விழுவது கணக்குப்படி 70,000 லிட்டருக்கு மேல். அதைத் தெருவில் விடாமல் மணலுக்குள் இறக்குவதுதான் தோட்ட வேலையில் முதல் வேலை.

அடுத்தது காற்று. பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல் என்பார்கள். வடகரை வீட்டை மழைக்கால வாடை அடிக்கும். தென்கரை வீட்டை ஆனி, ஆடிக் காற்று மணலோடு அறையும். காற்று எந்தப் பக்கமோ, மரவரிசை அந்தப் பக்கம். இதற்குச் சவுக்கு வேகமாக வளரும். ஆனால் அதன் ஊசிச் சருகு மூடிய இடத்தில் வேறு செடி எழும்புவது கடினம். வீட்டு மனைக்கு அது வேண்டாம். பூவரசும் புன்னையும் சேர்ந்த வரிசை மேல். பூவரசை மழைக்கு முன் போத்தாக வெட்டி நட்டாலே துளிர்த்துவிடும். புன்னை மெதுவாகத்தான் வளரும், ஆனால் உப்புச் சாரலை அசட்டை செய்து நிற்கும். தீவின் மண்ணுக்கே உரிய குடைவேல மரம் மனையில் தானாக முளைத்திருந்தால் வெட்டாதீர்கள். அதற்குத் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். தானாக முளைப்பது சீமைக்கருவேலமாக இருந்தால் மட்டும் தயங்காமல் வேரோடு பிடுங்குங்கள்.

தென்னையா பனையா என்பதில்தான் வீட்டில் சண்டை வரும். தென்னைக்குக் கோடையில் நாளொன்றுக்கு 50 லிட்டராவது வேண்டும். பாத்திரம் கழுவும் தண்ணீரையும் குளியல் தண்ணீரையும் திருப்பிவிட்டால் இரண்டு மரம் தாங்கும். மூன்றாவது நட்டால் கிணற்றில் கைவைக்க வேண்டியதுதான். பனை ஓரிரு மழை பார்த்து வேர் பிடித்துவிட்டால் உங்களிடம் எதையும் கேட்காது. குறை ஒன்று உண்டு: நுங்கு தரப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஆகும், அதுவும் ஆண் பனையாகப் போனால் நுங்கே இல்லை. நட்ட மரம் தன் பேரனுக்குத்தான் என்று நினைக்கிறவர் பனை நடலாம். 2021-இலிருந்து பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். எனவே மின்கம்பிக்கு அடியில் கொட்டை போடாதீர்கள்.

தரைக்கு என்ன? ஓட்டல்களைப் பார்த்துப் புல்வெளி கேட்கிறார்கள். கோடையில் தினமும் தண்ணீர் கேட்கும் அந்தப் புல் இங்கே வீண் செலவு. பேவர் பிளாக் அதைவிட மோசம்: வெயிலில் சுடும், மழையை உள்ளே விடாது. நம் பாட்டிமார் பெருக்கி வைத்த மணல் முற்றமே போதும். பச்சை வேண்டுமென்றால் ஓரமாக அறுகு. கடலை ஒட்டிய மனை என்றால் அடும்புக்கொடியைப் படரவிடுங்கள், மணலைப் பிடித்து வைக்கும். அழகுக்காகப் பவளக்கல் தேடாதீர்கள். பழைய வீடுகளில் இருக்கிறதுதான். இன்று எடுப்பது சட்டப்படி குற்றம்.

பூச்செடியில் காகிதப்பூவும் நித்தியகல்யாணியும் பிழைக்கும். அரளியை ஆடு தொடாது, ஆனால் அது நஞ்சு. குழந்தை உள்ள வீட்டில் யோசியுங்கள். செம்பருத்தி வேண்டுமானால் சுவருக்குப் பின்னால், காற்று படாத மூலையில். இலை மஞ்சளடித்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், பெரும்பாலும் மணலில் உள்ள சுண்ணாம்பு இரும்புச்சத்தை எடுக்கவிடவில்லை என்று பொருள். யூரியா போட்டால் தீராது. குழியில் கண்மாய்க் கரம்பையும் மட்கிய சாணமும் நிரப்பி நடுங்கள்.

பனங்கொட்டை ஆவணி, புரட்டாசியில் கிடைக்கும். ஐப்பசி மழைக்கு முன் போட்டுவிடுங்கள்.