எந்தக் கோப்பு எந்த அறையில்?

நம் நூலகப் பதிவேட்டில் ஒரு பக்கம் கிழிந்துபோனது உங்களுக்குத் தெரியும். என் தோழி திருப்பிக் கொடுத்த புத்தகம் கொடுக்கப்படவே இல்லை என்று ஆகிவிட்டது. பாவம், அழுதுட்டா. அதனால்தான் அரையாண்டு விடுமுறையில் பெரியம்மா மகள் அக்காவின் மடிக்கணினியில் நூலகத்துக்கு ஒரு வலைச் செயலி செய்ய உட்கார்ந்தேன்.

ரூபி என்பது ஜப்பானைச் சேர்ந்த யுகிஹிரோ மாட்சுமோட்டோ உருவாக்கி 1995-ல் வெளியிட்ட கணினி மொழி. அந்த மொழியில் வலைச் செயலி எழுத உதவும் ரெயில்ஸை டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைன்மையர் ஹான்சன் 2004-ல் வெளியிட்டார். ஒரே ஒரு கட்டளைதான் கொடுத்தோம். கடகடவென்று ஏகப்பட்ட கோப்புறைகள் வந்து நின்றன. எனக்குத் தலை சுத்திடுச்சு.

"அஞ்சறைப்பெட்டி மாதிரிதான்டி. சித்தி பார்க்காமலே கடுகு எடுக்கறாங்கல்ல? நீ இடத்தை மாத்தி வச்சா என்ன ஆகும்?" என்றாள் அக்கா.

நமக்கு அதிக வேலை 'ஆப்' கோப்புறையில்தான். அதற்குள் 'மாடல்ஸ்' இருக்கிறது. ஒருவருக்கு எத்தனை புத்தகம் தரலாம் போன்ற விதிகள் அங்கே. திரையில் தெரியும் பக்கங்கள் 'வியூஸ்'-இல். 'கன்ட்ரோலர்ஸ்' நூலகர் மாதிரி. வந்தவர் கேட்பதை வாங்கி, மாடலிடம் விசாரித்து, சரியான பக்கத்தை நீட்டும். எந்த முகவரிக்கு எந்தக் கன்ட்ரோலர் என்பதை 'கான்ஃபிக்' கோப்புறையிலுள்ள 'ரூட்ஸ்' கோப்பில் எழுத வேண்டும்.

'பப்ளிக்' என்றொரு கோப்புறை உண்டு. மாணவிகளின் வீட்டு முகவரிப் பட்டியலை நான் அதில் போட்டு வைத்தேன். அக்கா திட்டினாள் பாருங்கள்! அதில் இருப்பதை முகவரி தெரிந்த யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். உடனே எடுத்துவிட்டேன்.

பெயரிலும் கண்டிப்பு உண்டு. மாடலுக்கு 'புக்' என்று ஒருமையில் பெயர் வைத்தால், அட்டவணையை 'புக்ஸ்' என்று பன்மையில் தேடும். 'பெர்சன்' என்றால் 'பீப்பிள்' என்றுகூட அதற்குத் தெரிகிறது! (ஆங்கில டீச்சர் கவனிக்கவும்.)

அக்கா ஊருக்குக் கிளம்பும் நாளில்தான் நான் மாட்டிக்கொண்டேன். இரவல் கணக்குக்கு 'புக்லோன்' என்ற மாடல். உள்ளே பியும் எல்லும் பெரிய எழுத்தில் சரியாக இருந்தன. ஆனால் கோப்பின் பெயரில் இரண்டு சொல்லுக்கும் நடுவே அடிக்கோடு போடாமல் சேர்த்து எழுதிவிட்டேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று திரையில் பிழை வந்தது. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, இல்லையாம்! மத்தியானம் முழுக்க உள்ளே எழுதியதையே திருப்பித் திருப்பிப் படித்தேன். கோப்பின் பெயரைப் பார்க்கவே தோணலை.

அக்கா பையைத் தோளில் மாட்டியபடியே வந்து ஒரு அடிக்கோடு போட்டாள். பக்கம் திறந்தது. முதல் வரியில் என் தோழி பெயரையும் அவள் புத்தகம் திருப்பிக் கொடுத்த தேதியையும் பதிந்தேன்.