இறாலின் அளவை அறிய ஓர் அட்டவணை
பழவேற்காடு மீனவர்கள் எளிதில் கையாளக்கூடிய கணக்கு முறை

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு ஏரியாகும். இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும், தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளது. ஆரணி ஆறு, காலங்கி ஆறு ஆகியவற்றின் நன்னீரும், முகத்துவாரத்தின் வழியே ஏறும் கடல்நீரும் கலப்பதால் இங்கு இறால், மடவை, நண்டு ஆகியவை வளர்கின்றன. இவற்றுள் மீனவர்களுக்கு நல்ல வருவாய் தருவது இறாலே.

இறால் எடையை மட்டும் பார்த்து விலை போவதில்லை. ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்ற 'கவுண்ட்' கணக்கைப் பார்த்தே விலை வைக்கப்படுகிறது. கவுண்ட் குறைந்தால் இறால் பெரியது, விலையும் அதிகம். ஆகவே, பிடித்த இறாலில் எந்த அளவு எத்தனை பங்கு இருக்கிறது என்பதை வியாபாரிக்கு முன்பே மீனவர் அறிந்திருத்தல் அவசியம். இதற்கு உதவுவதே நிகழ்வெண் பரவல் அட்டவணை. எந்தெந்த அளவில் எத்தனை உருப்படிகள் உள்ளன என்று பிரித்து எழுதும் பட்டியலுக்கே இந்தப் பெயர். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தவர் எவரும் இதைத் தயாரிக்கலாம்.

மாதிரி எடுக்கும் முறை

பிடித்த இறால் அனைத்தையும் அளக்க வேண்டியதில்லை. 50 இறால் போதும். ஆனால் அவற்றைப் பொறுக்கி எடுக்கக் கூடாது. கூடை குலுங்கும்போது சிறியவை அடியில் இறங்கிவிடும். மேலே இருப்பவற்றை மட்டும் எடுத்தால் எல்லாம் பெரியவை போலத் தோன்றும். எனவே மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் கைக்கு வந்தபடி எடுக்க வேண்டும். வியாபாரி கவுண்ட் பார்க்கும்போதும் இவ்வாறே எடுக்கும்படி கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு பலகையில் சென்டிமீட்டர் கோடுகள் வரைந்து, ஒரு முனையில் சிறு கட்டை அடித்துக்கொண்டால் அளவுப் பலகை தயார். இறாலின் முகமுள் நுனியைக் கட்டையில் ஒட்டி வைத்து, உடலை நேராக்கி, வால் நுனி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

அட்டவணை தயாரித்தல்

முதலில் மிகச் சிறிய இறால், மிகப் பெரிய இறால் ஆகியவற்றின் நீளத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இடைப்பட்ட நீளத்தை ஆறு அல்லது ஏழு சம பிரிவுகளாகப் பிரிக்க வேண்டும். பிரிவுகள் மிகக் குறைந்தால் வேறுபாடு மறையும். மிகக் கூடினால் கணக்கு சிதறும். எல்லையில் நிற்கும் இறாலை அடுத்த பிரிவில் சேர்ப்பது என்று விதி வைத்துக்கொள்ள வேண்டும். அதாவது சரியாக 7 செ.மீ. உள்ள இறால் 7–9 பிரிவைச் சேரும்.

ஒவ்வோர் இறாலுக்கும் அதன் பிரிவில் ஒரு கோடு போட வேண்டும். ஐந்தாவது கோட்டை முதல் நான்கின் குறுக்கே போட்டால் ஐந்து ஐந்தாக எண்ணுவது எளிது. கணக்கை விளக்க, ஓர் இரவின் பிடிப்பில் எடுத்த 50 இறால் பின்வருமாறு அமைந்ததாக வைத்துக்கொள்வோம்:

5–7 செ.மீ. : 4
7–9 செ.மீ. : 15
9–11 செ.மீ. : 7
11–13 செ.மீ. : 9
13–15 செ.மீ. : 12
15–17 செ.மீ. : 3
மொத்தம் : 50

கூட்டுத்தொகை 50 வருகிறதா என்று சரிபார்த்த பிறகே மேலே செல்ல வேண்டும்.

சராசரி மட்டும் போதாது

ஒவ்வொரு பிரிவின் நடு அளவையும் அதிலுள்ள எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் 538 வரும். அதை 50ஆல் வகுத்தால் சராசரி நீளம் ஏறக்குறைய 10.8 செ.மீ. ஆகும். இதை மட்டும் கேட்பவர், பெரும்பாலான இறால் 10, 11 செ.மீ. அளவில் இருக்கும் என்றே நினைப்பார். ஆனால் அட்டவணையில் 9–11 பிரிவில் இருப்பவை 7 மட்டுமே. இறால் கூட்டம் 7–9 செ.மீ. அளவில் ஒன்று, 13–15 செ.மீ. அளவில் மற்றொன்று என இரண்டு இடங்களில் குவிந்திருக்கிறது. இரண்டு வேறு பருவத்தில் ஏரிக்குள் நுழைந்த குஞ்சுகள் ஒரே வலையில் சிக்கியதால் இவ்வாறு அமையக்கூடும். சராசரி மறைத்ததை அட்டவணை காட்டிவிடுகிறது.

தரம் பிரித்தால் லாபமா?

நீளம் இரு மடங்கானால் இறாலின் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும். இந்த விகிதப்படி கணக்கிட்டால், மேலே கண்ட 50 இறாலில் 11 செ.மீ.க்கு மேற்பட்ட 24 இறால், எண்ணிக்கையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் எடையில் அவை ஐந்தில் நான்கு பங்கு. தராசில் நிறுத்தும் இதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

அவ்வாறாயின் 5 கிலோ பிடிப்பில் பெரியது 4 கிலோ, சிறியது 1 கிலோ. பெரியது 60 கவுண்ட், சிறியது 250 கவுண்ட் என்று கொள்வோம். கலந்து நிறுத்தால் கவுண்ட் என்ன? 60ஐயும் 250ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 155 என்று சொல்வது தவறு. பெரியவை 240, சிறியவை 250, ஆக 490 இறால் 5 கிலோவில் நிற்கின்றன. எனவே சரியான கவுண்ட் 98 ஆகும்.

விலைக் கணக்குக்காக 60 கவுண்டுக்குக் கிலோ 300 ரூபாய், 250 கவுண்டுக்கு 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிரித்து விற்றால் 1,200 ரூபாயும் 80 ரூபாயும் சேர்ந்து 1,280 ரூபாய் கிடைக்கும். இதை 5 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 256 ரூபாய். கலவைக்கு 220 ரூபாய்தான் தருவதாக வியாபாரி சொன்னால் பிரித்து விற்பதே நல்லது. 180 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். கலவைக்கே 256 ரூபாய்க்கு மேல் கிடைத்தால் பிரிக்கும் வேலை வீண். அன்றைய விலைகளைக் கேட்டு, இதே முறையில் கணக்கிட்டு முடிவு செய்யலாம்.

சிறிய இறாலின் நிலை

அட்டவணையில் எண்ணிக்கைகளை மேலிருந்து கீழாகக் கூட்டிக்கொண்டே வந்தால் 4, 19, 26, 35, 47, 50 என்று வரும். இதற்குக் குவிவு நிகழ்வெண் என்று பெயர். 9 செ.மீ.க்குக் குறைந்தவை 19 என்பது இதனால் உடனே தெரிகிறது. நூற்றுக்கு 38 இறால் இந்த அளவுக்குள் அடங்கும். ஆனால் எடையில் அவை ஒன்பதில் ஒரு பங்குதான்.

வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து சில மாதங்கள் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பி இனம் பெருக்குகின்றன. ஆகவே சிறிய இறாலை அள்ளுவதால் கிடைக்கும் பணம் சிறிது, இழப்போ பெரிது. அட்டவணையில் மேல் வரிசைகள் தொடர்ந்து நிறைந்து வந்தால் வலைக் கண்ணியின் அளவைப் பெரிதாக்குவது பற்றி ஊர் கூடி ஆலோசிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பாடு முறைக்கும் பயன்படும்

கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களில் சுத்து வலை போடும் இடங்களையும் நாட்களையும் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. எந்தப் பாட்டில் எவ்வளவு கிடைக்கிறது என்பதில் வாய்ப்பேச்சு பல விதமாக இருக்கலாம். ஒரு பருவம் முழுவதும் ஒவ்வொரு பாட்டின் பிடிப்பையும் 0–2 கிலோ, 2–4 கிலோ என்று பிரித்து அட்டவணையிட்டால் உண்மை நிலை விளங்கும். ஒரே ஓர் இரவில் கிடைத்த பெரும் பிடிப்பு சராசரியை உயர்த்திக் காட்டினாலும், பெரும்பாலான இரவுகள் எந்தப் பிரிவில் விழுந்தன என்பதை அட்டவணை மறைக்காது.

முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்த மாதங்களுக்கு ஓர் அட்டவணை, திறந்திருந்த மாதங்களுக்கு ஓர் அட்டவணை என இரண்டு தயாரித்து வைத்தால் அதிகாரிகளிடம் முறையிடும்போது அது வலுவான சான்றாக அமையும்.

கவனிக்க வேண்டியவை

வலையில் வந்த இறாலைத்தான் அட்டவணை காட்டும். ஏரியில் உள்ள இறால் முழுவதையும் அன்று. கண்ணி வழியே தப்பியவை கணக்கில் வாரா. ஆகவே ஒரே கண்ணி அளவுள்ள வலையின் அட்டவணைகளையே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். தேதி, திதி, இடம், வலை ஆகியவற்றை ஒவ்வோர் அட்டவணையின் தலையிலும் எழுதுதல் அவசியம்.

மாதந்தோறும் அட்டவணையிட்டால், 8 செ.மீ. அளவில் இருந்த குவியல் அடுத்த மாதம் 10 செ.மீ.க்கு நகர்வதைக் காண இயலும். டென்மார்க் நாட்டு விஞ்ஞானி பீட்டர்சன், 1890களில் மீனின் வயதையும் வளர்ச்சியையும் கணித்தது இவ்வகை நீள அட்டவணைகளைக் கொண்டுதான். ஆனால் ஏரியில் பெரியவை கடலுக்குப் போவதும் புதிய குஞ்சுகள் வருவதும் நடப்பதால், நகர்வு முழுவதும் வளர்ச்சியே என்று கொள்ளக் கூடாது.

நெல் விவசாயிகள் 50 குத்துகளில் தூர்களை எண்ணியும், கத்தரி பயிரிடுவோர் காய்களை எடை வாரியாகப் பிரித்தும் இதே அட்டவணையைத் தயாரிக்கலாம். மீனவர் குடும்பங்களில் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிடம் இப்பொறுப்பை ஒப்படைத்தால் கணக்குப் பாடமும் பதியும், வீட்டுக்கும் உதவும். ஐயம் ஏற்படின் பொன்னேரியில் உள்ள மீன்வளக் கல்லூரியை அணுகலாம். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், ஓர் அளவுப் பலகை ஆகியவையே இதற்கு வேண்டிய முதலீடு. வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் ஒதுக்கி இதைச் செய்துவரும் மீனவர், விலை பேசும் இடத்தில் தம் கணக்கைத் தாமே அறிந்தவராக நிற்க முடியும்.