உலோகத்தைப் பிடிக்கும் இறால் ஓடு
கழிவு நீர் கிணற்றுக்கு வருமுன் காக்க ஒரு வழி

திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினம், உடன்குடி, மணப்பாடு வட்டாரத்தில் பனையும் முருங்கையும் தென்னையும் நன்கு வளர்கின்றன. இங்குள்ள நிலம் பெரும்பாலும் மணற்பாங்கானது. சற்று உள்ளே சென்றால் செம்மண் தேரி. மழை நீர் நிலத்தின் மேல் ஓடாமல் உள்ளே இறங்கிவிடுகிறது. அந்த நீரைத்தான் கிணறுகள் நமக்குத் திருப்பித் தருகின்றன.

மணல் நல்ல தண்ணீரை விரைவாக உள்ளே விடுவது போலவே கெட்ட தண்ணீரையும் விரைவாக உள்ளே விடும். களிமண்ணும் மட்கும் நிறைந்த நிலம், நீரில் கரைந்து வரும் உலோகங்களை ஓரளவு பிடித்து நிறுத்தும். தேரி மணலில் இவை இரண்டும் குறைவு. எனவே இவ்வட்டாரத்தில் தொழிற்சாலைக் கழிவு நீரை நிலத்தில் விட்டால் அது கிணற்றை எட்ட அதிக காலம் ஆகாது.

குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-ந் தேதி ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பெரிய திட்டங்கள் வரும் இடத்தில் உலோக வேலைப் பட்டறைகளும் முலாம் பூசும் கூடங்களும் பின்தொடர்ந்து வருவது இயல்பு. வேலை வரட்டும், வரவேற்போம். ஆனால் அவற்றின் கழிவு நீரை எப்படிச் சுத்தம் செய்வது என்பதை விவசாயிகளும் இப்போதே தெரிந்து வைத்திருப்பது நல்லது. அதற்கு உதவும் ஒரு பொருள் நம் கடற்கரையிலேயே குப்பையாகக் கிடக்கிறது. அதுதான் இறால் ஓடு.

கன உலோகங்களால் வரும் கேடு

செம்பு, துத்தநாகம், நிக்கல், குரோமியம், ஈயம், காட்மியம், பாதரசம் ஆகியவற்றைக் கன உலோகங்கள் என்கிறோம். இவற்றில் செம்பும் துத்தநாகமும் பயிருக்குச் சிறு அளவில் தேவை. அளவு மீறினால் நஞ்சு. ஈயம், காட்மியம், பாதரசம் ஆகியவை பயிருக்கோ மனிதனுக்கோ எவ்விதத்திலும் தேவையில்லை.

சாணமும் இலைதழையும் மண்ணில் மட்கி மறைந்துவிடும். உலோகம் மட்காது. எந்த நுண்ணுயிரும் அதைத் தின்று தீர்க்க முடியாது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வந்தாலும் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும்.

ஜப்பானில் தோயாமா மாவட்டத்தில் ஜின்சு ஆறு பாய்கிறது. மேலே இருந்த காமியோகா சுரங்கத்தின் கழிவிலிருந்து காட்மியம் அந்த ஆற்றில் கலந்தது. விவசாயிகள் அந்நீரை நெல் வயலுக்குப் பாய்ச்சினர். நெல் பார்வைக்கு நன்றாகவே விளைந்தது. அரிசியைத் தின்றவர்களுக்கு, குறிப்பாக வயது முதிர்ந்த பெண்களுக்கு, சிறுநீரகம் கெட்டு எலும்புகள் தாமாகவே முறிந்தன. இந்நோய்க்குக் காரணம் காட்மியம்தான் என்று 1968-ம் ஆண்டில் ஜப்பானிய அரசு ஏற்றுக்கொண்டது.

நம் மாநிலத்திலும் பாடம் இருக்கிறது. ராணிப்பேட்டையில் 1975-ல் தொடங்கி 1995-ல் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்று, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவைத் திறந்த வெளியில் விட்டுச் சென்றது. அதிலிருந்து கசிந்த குரோமியம் சுற்றுப்புற நிலத்தடி நீரைக் கெடுத்தது. தொழிற்சாலை மூடிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் கேடு மூடவில்லை. பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் கழிவால் நிலமும் நீரும் கெட்டது குறித்து, மாசு செய்தவரே அதைச் சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ந் தேதி தீர்ப்பளித்தது.

இறால் ஓட்டில் என்ன இருக்கிறது?

தூத்துக்குடி வட்டாரத்தில் இறால் பதனிட்டு ஏற்றுமதி செய்யும் நிலையங்கள் பல உள்ளன. 100 கிலோ இறாலில் தலையும் ஓடுமாகச் சுமார் 40 முதல் 50 கிலோ வரை கழிவாகிறது. உலர்ந்த ஓட்டில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்தும் புரதமும் ஆகும். எஞ்சிய கால்பங்கு அளவு 'கைட்டின்' என்ற பொருள். மரத்துக்குச் செல்லுலோஸ் எப்படியோ அப்படி இறாலுக்கும் நண்டுக்கும் கைட்டின். ஒரே மாதிரியான சிறு கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி இது. இத்தகைய இயற்கைச் சங்கிலிப் பொருள்களை இயற்கைப் பாலிமர்கள் என்பர்.

கைட்டினின் ஒவ்வொரு கண்ணியிலும் நைட்ரஜன் கொண்ட ஒரு 'கை' இருக்கிறது. அந்தக் கை உலோகத்தைப் பற்றக் கூடியது. ஆனால் அதன் மேல் அசிட்டைல் என்ற ஓர் உறை மூடியிருக்கிறது. உறையைக் கழற்றிவிட்டால் கைகள் விடுபடும். அப்படி உறை கழற்றிய கைட்டினுக்குக் 'கைட்டோசான்' என்று பெயர்.

தயாரிக்கும் முறை

ஓட்டைக் கழுவி, முதலில் நீர்த்த காஸ்டிக் சோடாக் கரைசலில் வேகவைத்துப் புரதத்தை நீக்குகிறார்கள். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்குகிறார்கள். மிஞ்சுவது கைட்டின். இதை நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு வலுவுள்ள காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் உறை கழன்று கைட்டோசான் கிடைக்கிறது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் இறால் கழிவிலிருந்து இதைத் தயாரிக்கும் முறையை 1970-களிலேயே வகுத்து வெளியிட்டனர்.

இது வீட்டில் செய்யும் வேலை அல்ல. வலுவான காஸ்டிக் சோடா கண்ணையும் தோலையும் பொசுக்கிவிடும். மேலும் இத்தொழிலில் அமிலமும் காரமும் கலந்த கழுவு நீர் ஏராளமாக வெளியேறும். ஒரு கழிவைத் தீர்க்கப் போய் இன்னொரு கழிவைக் கடற்கரையில் விடுவது அறிவுடைமை ஆகாது. கழுவு நீரைச் சுத்திகரிக்கும் வசதியுள்ள தொழிற்கூடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும்.

மேலும் மாற்றுவது ஏன்?

கைட்டோசானுக்கு ஒரு குறை உண்டு. அமிலத் தன்மையுள்ள நீரில் அது கரைந்துவிடும். முலாம் கூடங்களின் கழிவு நீர் பெரும்பாலும் அமிலமானது. உலோகத்தைப் பிடிக்கப் போட்ட பொருள் தானே கரைந்து போனால் என்ன பயன்?

மீன் வலையை நினைத்துப் பாருங்கள். தனித்தனி நூல்கள் நீரோடு போய்விடும். முடிச்சுப் போட்டால் வலையாக நிற்கும். அதுபோலக் கைட்டோசான் சங்கிலிகளுக்கிடையே குளூட்டரால்டிஹைடு போன்ற ரசாயனத்தால் முடிச்சுப் போடுகிறார்கள். பிறகு அது அமிலத்தில் கரையாது. முடிச்சுக்குச் சில கைகள் செலவாவதால் பிடிக்கும் திறன் சற்றுக் குறையும். ஆகவே முடிச்சு அளவோடு இருக்க வேண்டும்.

கைட்டோசானை அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, அதைச் சொட்டுச் சொட்டாகக் காரக் கரைசலில் விட்டால் ஜவ்வரிசி போன்ற மணிகள் உண்டாகும். குழாயில் இம்மணிகளை நிரப்பிக் கழிவு நீரை ஓடவிடலாம். பாதரசத்தைப் பிடிப்பதற்காகக் கந்தகம் கொண்ட கைகளை ஒட்ட வைப்பதும் உண்டு. காந்த இரும்புத் தூளைச் சேர்த்து, வேலை முடிந்ததும் காந்தத்தால் இழுத்தெடுக்கும் முறையும் ஆய்வில் இருக்கிறது.

கடற்பாசியும் இவ்வாறே உதவும். மன்னார் வளைகுடாவில் வளரும் கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகளிலிருந்து 'ஆல்ஜினேட்' எடுக்கப்படுகிறது. அதைக் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டவிட்டால் மணிகளாகும். ஈயத்தையும் செம்பையும் அவை நன்கு பிடிக்கும். ஆனால் 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் பாசி சேகரிக்கக் கூடாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கண்ணால் காண ஒரு சோதனை

விவசாயிகளுக்கு மயில்துத்தம் தெரியும். போர்டோ கலவைக்கு நாம் உபயோகிக்கும் மயில்துத்தத்தில் கால்பங்கு செம்பு. பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் மேற்பார்வையில், கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராம் மயில்துத்தத்தைக் கரைத்து, அதில் 10 கிராம் கைட்டோசான் செதிளைப் போட்டு அவ்வப்போது கலக்கிவிடலாம். சில மணி நேரத்தில் வெளுத்த செதிள் நீலமாகும். நீரின் நீலம் மங்கும். பயிருக்குத் தெளிக்க விற்கப்படும் கைட்டோசான் திரவம் இதற்கு உதவாது, செதிள்தான் வேண்டும். நீர் தெளிந்துவிட்டது என்று அதைக் குடிக்கவோ கால்நடைக்குக் காட்டவோ கூடாது.

ஒரு சிறு கணக்கு

உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவு நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்பது நம் நாட்டின் பொது வரம்பு. காட்மியத்துக்கு 2 மில்லிகிராம். ஆனால் பாசன நீரில் செம்பு 0.2 மில்லிகிராமுக்கும் காட்மியம் 0.01 மில்லிகிராமுக்கும் மேற்படக் கூடாது என்பது உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் பரிந்துரை. அதாவது, செம்பில் 15 மடங்கும் காட்மியத்தில் 200 மடங்கும் வித்தியாசம். எனவே "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று சொல்லப்படும் கழிவு நீரும் நேரே வயலுக்குப் பாய்ச்சத் தக்கது ஆகிவிடாது.

தொழிற்கூடங்கள் முதலில் சுண்ணாம்பு சேர்த்து உலோகத்தின் பெரும்பகுதியைப் படிய வைக்கின்றன. எஞ்சி நிற்கும் சிறு அளவை எடுப்பதற்கே கைட்டோசான் ஏற்றது. ஆயிரம் லிட்டர் நீரில் செம்பை 3 மில்லிகிராமிலிருந்து 0.2 மில்லிகிராமாகக் குறைக்க, 2.8 கிராம் செம்பை எடுக்க வேண்டும். ஒரு கிராம் மணி 20 மில்லிகிராம் செம்பைப் பிடிப்பதாக வைத்துக்கொண்டால் 140 கிராம் மணி போதும். அதையும் கழுவித் திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம்.

நீரின் கார அமில நிலையும் முக்கியம். செம்பு, நிக்கல் போன்றவற்றுக்கு 5 முதல் 6 வரை ஏற்றது. அதிக அமிலமானால் கைகள் அவற்றைத் தள்ளிவிடும். ஆனால் முலாம் கழிவிலுள்ள குரோமேட்டை, அமில நிலையில்தான் கைட்டோசான் நன்றாக இழுக்கும்.

இன்னொன்றையும் நம் பகுதியினர் கவனிக்க வேண்டும். கைட்டோசான் சாதாரண உப்பைப் பிடிக்காது. உவர்ப்பான கிணற்று நீரை இது நல்ல நீராக்கும் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

பிடித்த உலோகம் எங்கே போகிறது?

இதுவே மிக முக்கியமான கேள்வி. கைட்டோசான் உலோகத்தை அழிப்பதில்லை. ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறது. ஆயிரக்கணக்கான லிட்டரில் பரவிக் கிடந்ததைக் கையளவு மணிகளில் அடக்குகிறது. அந்த மணிகளை முறைப்படி கழுவினால் உலோகம் சிறிதளவு கரைசலில் வந்துவிடும். அதை மீண்டும் தொழிலுக்கே உபயோகிக்க முடியும். முடியாவிட்டால், 2016-ம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி, கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அங்கீகாரம் பெற்ற பாதுகாப்புக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும்.

புதிய இறால் ஓடு நல்ல எரு. உப்புப் போகக் கழுவி மட்க வைத்து இட்டால் தழைச்சத்தும் சுண்ணாம்பும் கிடைக்கும். கைட்டினை உண்ணும் நுண்ணுயிர்கள் மண்ணில் பெருகுவதால் வேர்முடிச்சு நூற்புழுவும் கட்டுப்படும். ஆனால் கழிவு நீரில் உபயோகித்த ஓட்டுத் தூளையோ மணியையோ "இதுவும் இறால் ஓடுதானே" என்று எருக்குழியில் போடக் கூடாது. தொழிற்கூடத்திலிருந்து ஓட்டுத் தூளை யாராவது இலவசமாகத் தந்தால், அது எதற்கு உபயோகித்தது என்று கேட்காமல் வண்டியில் ஏற்ற வேண்டாம். வடிகாலில் பிடித்த நஞ்சை நம் கையாலேயே வயலில் இறைத்தது போல் ஆகிவிடும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. அருகில் தொழிற்கூடம் வருமுன்பே கிணற்று நீரை ஒரு முறை பரிசோதித்து, முடிவைப் பத்திரப்படுத்த வேண்டும். பின்னால் மாற்றம் ஏற்பட்டால் ஒப்பிட்டுக் காட்ட அதுவே சாட்சி.

2. வழக்கமான பாசன நீர்ப் பரிசோதனையில் உப்பும் கார அமில நிலையும்தான் பார்ப்பார்கள். கன உலோகங்களைப் பார்க்க வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். அதற்கான மாதிரியை உலோகப் பாத்திரத்தில் எடுக்கக் கூடாது. பரிசோதனைச் சாலை தரும் பிளாஸ்டிக் புட்டியில் எடுக்க வேண்டும்.

3. கழிவு நீர் நிலத்தில் விடப்படுவதைக் கண்டால், நாளும் இடமும் குறித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நகல் வைத்துக்கொள்ள வேண்டும்.

4. தொழிற்கூடத்தாரிடம் "சுத்திகரிக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "பிடித்த உலோகத்தை எங்கே அனுப்புகிறீர்கள்?" என்றும் கேட்க வேண்டும்.

மணலில் இறங்கிய உலோகத்தைத் திரும்ப எடுப்பது பெரும் செலவு பிடிக்கும் வேலை. வடிகாலில் பிடிப்பதோ கையளவு இறால் ஓட்டின் வேலை. எங்கே பிடிப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டால், வரும் தொழிலும் வாழும், இருக்கும் கிணறும் பிழைக்கும்.