வாப்பாவின் கடன் கொப்பியும் வவுனியாப் பண்ணைகளும்

யூதர்கள் பாலைவனத்தில் நடத்தும் 'கிபுட்ஸ்' கூட்டுப் பண்ணைகளைப் பற்றி எழுதும்படி ஒரு சகோதரர் கேட்டிருந்தார். நெகேவ் பாலைவனத்தில் 1946இல் தொடங்கிய ஹட்செரிம் என்ற பண்ணைதான் 1965இல் சொட்டு நீர்ப்பாசனத்தைத் தொழிலாக்கியது. அன்று அங்கே சொத்தும் பொது, இலாபமும் பொது. 1948இல் அந்த நெகேவிலிருந்து விரட்டப்பட்ட அறபிகளின் கணக்கு தீரவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆனால் எனக்கு நினைவு வருவது நம் தோட்ட மக்கள் செய்த முயற்சி.

1977 ஆகஸ்ட் கலவரத்தின்போது எனக்குப் பத்து வயது. கந்தப்பளையில் வாப்பாவின் பலசரக்குக் கடை. தோட்டத்து ஆட்கள் மாதம் முழுக்கக் கடனுக்கு வாங்கி, சம்பள நாளில் தீர்ப்பார்கள். கலவரத்துக்குப் பின் மூன்று குடும்பங்கள் சொல்லாமலே வவுனியாவுக்குப் போய்விட்டன. வாப்பா அவர்கள் கணக்கை வெட்டவில்லை.

அப்படிப் போன மலையக மக்கள் பலரை அங்கே குடியமர்த்தியது காந்தியம் இயக்கம். கட்டடக் கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் அதை நடத்தினார்கள். கொழுந்து பறித்த கைகள் வறண்ட காட்டை வெட்டிப் பயிர் செய்தன.

உழைப்புக்குக் குறையில்லை, குறை காணியில்தான். கிபுட்ஸ் காணிக்கு நீண்டகாலக் குத்தகை உண்டு, பின்னால் ஓர் அரசும் உண்டு. நம்மவர் பலருக்கோ அன்று பிரஜாவுரிமையே இல்லை. பிரஜாவுரிமை இல்லாவிட்டால் அரச காணிக்குப் பத்திரமில்லை. பத்திரமில்லாவிட்டால் வங்கிக் கடனுமில்லை. இன்று கூட்டாகக் காணி எடுத்து லீக்ஸ், கரட் போட நினைக்கும் நம் இளைஞர்களிடம் நான் முதலில் கேட்பது, குத்தகை யார் பேரில், எத்தனை வருடத்துக்கு என்பதைத்தான். விதை விலையைப் பிறகு பேசலாம்.

1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர் தப்பிய டேவிட் 2015இல் காலமானார்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1981இல், போனவர்களில் ஒருவர் பஸ் ஏறி எங்கள் கடைக்கு வந்தார். முப்பத்தேழு ரூபாய் பாக்கி. கூடவே ஒரு பை உளுந்து, சொந்த விளைச்சல். "நானா, கணக்கைப் பாருங்க" என்றார். வாப்பா காசை எண்ணி வாங்கிக் கோடு போட்டார். உளுந்தை வீட்டுக்குள் கொடுத்தனுப்பினார்.

மற்ற இரண்டு குடும்பங்களின் பக்கங்கள் இன்னும் என்னிடம் கோடு போடாமல் இருக்கின்றன.